‘ககேமுஷா’ நடந்த இடங்களுக்குப் போக ஒரு வழிகாட்டி: கோஃபு முதல் நகஷினோ வரை

ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசவாவின் ‘ககேமுஷா’ (1980) படத்தைப் பார்த்த நாளிலிருந்தே அந்த மலைகளையும் ஏரியையும் போர்க்களத்தையும் நேரில் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. இரண்டு முறை போய் வந்துவிட்டேன். முதல் முறை பாதிக்கு மேல் வீணாய்ப் போனது: தவறான கோட்டையில் அரை நாள், பூட்டிய அருங்காட்சியக வாசலில் ஒரு காலைப்பொழுது, கண்முன்னே கிளம்பிப் போன ரயிலுக்கு அடுத்த வண்டி வரும்வரை இரண்டு மணி நேரம். இரண்டாம் முறை எல்லாம் கூடிவந்தது. முதல் முறை எனக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டிய விஷயங்களை இங்கே எழுதியிருக்கிறேன். உங்களுக்கு அந்தக் கஷ்டம் வேண்டாம்.

1. கிளம்பும் முன் படத்தை முழுதாகப் பாருங்கள்

இந்தப் படம் இரண்டு நீளங்களில் கிடைக்கிறது. ஜப்பானில் வெளியானது 180 நிமிடம். வெளிநாடுகளுக்குப் போனது 162 நிமிடம். நடிகர் தகாஷி ஷிமுரா வரும் பகுதி குறைந்த நீளப் பிரதியில் கிடையாது. எந்தப் பிரதி என்று தெரிய நிமிடக் கணக்கைப் பார்த்தாலே போதும். 180 என்று இருந்தால் எடுங்கள்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: தகேடா ஷிங்கென் என்ற பிரபு ஒரு முற்றுகையின்போது சுடப்பட்டு இறக்கிறார். தன் சாவை மூன்று வருடம் மறைக்கச் சொல்லிவிட்டுப் போகிறார். அவரைப் போலவே இருக்கும் ஒரு திருடனை அவர் இடத்தில் உட்கார வைக்கிறார்கள். பிரபு, திருடன் இருவராகவும் நடித்தவர் தத்சுயா நகாதாய்தான். கடைசியில் ஷிங்கெனின் மகன் கட்சுயோரி படையைக் கூட்டிக்கொண்டு நகஷினோவுக்குப் போகிறான். 1575-இல் நிஜமாகவே நடந்த போர் அது.

பார்க்கும்போது ஒரு தாளில் நான்கு பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: கோஃபு, சுவா ஏரி, நோடா கோட்டை, நகஷினோ. பயணம் முழுக்க இந்த நான்கும்தான்.

2. எந்த இடம், எந்த வரிசையில்

புதிதாகப் போகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். படம் எடுத்த இடம் வேறு, கதை நடந்த இடம் வேறு. கோட்டைக் காட்சிகள் சில ஹிமேஜியிலும் குமமோட்டோவிலும் எடுக்கப்பட்டவை. கடைசிப் போரின் பரந்த சமவெளி வடக்கே ஹொக்கைடோவில் இருக்கிறது. கதை நடந்த கோஃபு, சுவா, நகஷினோ எல்லாம் நடு ஜப்பானில், தோக்கியோவுக்கும் நகோயாவுக்கும் இடையில் உள்ள மலைநாட்டில்.

என் யோசனை, கதை நடந்த இடங்களைப் பிடியுங்கள். ஹிமேஜி அழகான கோட்டைதான், மறுக்கவில்லை. ஒசாகாவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம், 1,500 யென் சொச்சம். வெளியூர்க்காரர்களுக்கு நுழைவுக் கட்டணம் 2026 மார்ச்சிலிருந்து 2,500 யென். ஒசாகா வழியாக ஊர் திரும்புவதாக இருந்தால் கடைசி நாளில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்காக நகஷினோவை விட்டுவிடாதீர்கள்.

வரிசை இது: தோக்கியோ, கோஃபு (இரண்டு இரவு), சுவா (ஒரு இரவு), அங்கிருந்து ஈடா ரயில்பாதையில் தெற்கே இறங்கி ஷின்ஷிரோ (நோடாவும் நகஷினோவும் இருக்கும் ஊர்), இரவு தங்குவதற்குத் தோயோஹாஷி (இரண்டு இரவு). தகேடாக்களின் ஊரில் தொடங்கி அவர்கள் தோற்ற களத்தில் முடிகிறது. தலைகீழாகவும் போகலாம், ஆனால் படம் மனதில் இருக்கும்போது இந்த வரிசைதான் பொருந்துகிறது.

3. எப்போது

அக்டோபர், நவம்பர் நல்லது. கோஃபுவில் ஷிங்கென் பெயரில் நடக்கும் பெரிய திருவிழாவை இப்போது அக்டோபர் கடைசியில் வைக்கிறார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் கவசம் போட்டுக்கொண்டு ஊர்வலம் போவார்கள். அந்த நாட்களில் கோஃபுவில் அறை கிடைப்பது கஷ்டம், மூன்று மாதம் முன்பே போட்டுவிடுங்கள்.

மே 5 அன்று நகஷினோ கோட்டை இருந்த இடத்தில் கொடித் திருவிழா நடக்கும், பழைய திரித்துப்பாக்கிகளை வெடித்துக் காட்டுவார்கள். ஆனால் அந்த வாரம் ஜப்பான் முழுக்க விடுமுறை. ரயிலில் இடமும் கிடைக்காது, அறை விலையும் ஏறிவிடும். ஆகஸ்ட் நடுவிலும் அப்படித்தான். கோஃபு நான்கு பக்கமும் மலை சூழ்ந்த பள்ளம், கோடையில் வெயில் கொளுத்தும். ஜூனில் மழை. பெருமழை பெய்தால் ஈடா பாதையில் ரயிலை நிறுத்திவிடுவார்கள். அதனால் ஜூன், ஜூலையைத் தவிர்த்துவிடுங்கள்.

4. விசா

சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம், குறுகிய காலச் சுற்றுலாவுக்கு உங்களுக்கு விசா தேவையில்லை. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுகளுக்கு வேண்டும்.

இந்தியாவிலிருந்து விண்ணப்பிக்க நான் கொடுத்த காகிதங்கள்: கடவுச்சீட்டு, படிவம், வெள்ளைப் பின்னணியில் புதிதாக எடுத்த புகைப்படம், போக வர விமான முன்பதிவு, எல்லா இரவுக்கும் தங்குமிட முன்பதிவு, நாள்வாரிப் பயணத் திட்டம், ஆறு மாத வங்கிக் கணக்கு, வருமான வரிக் கணக்கு, வேலை பார்க்கும் இடத்திலிருந்து விடுப்புக் கடிதம், ஏன் போகிறேன் என்று ஒரு பக்க விளக்கக் கடிதம். பட்டியல் அவ்வப்போது மாறும். விண்ணப்பிக்கும் வாரத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் கவனம் வேண்டியது நாள்வாரித் திட்டம். ஒவ்வொரு தேதிக்கும் எங்கே போகிறீர்கள், அன்று இரவு எங்கே தங்குகிறீர்கள், அந்த விடுதியின் தொலைபேசி எண் என்ன என்று எழுத வேண்டும். நான் ஒரு தேதிக்கு எதிரே ‘ஷின்ஷிரோ’ என்று எழுதினேன், விடுதி தோயோஹாஷியில் இருந்தது. இரண்டு ஊருக்கும் ரயிலில் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். காகிதம் சரிபார்த்தவர் ஊர்ப் பெயர் ஒத்துவரவில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். மறுபடி எழுதி, மறுபடி நேரம் வாங்கி, பத்து நாள் போனது. ‘பகலில் ஷின்ஷிரோ, இரவு தோயோஹாஷி’ என்று முதலிலேயே எழுதியிருந்தால் அந்தப் பத்து நாள் மிச்சம்.

இன்னொன்று. இந்தியாவில் 2024 ஏப்ரலிலிருந்து சுற்றுலாவுக்கு மின்விசா தருகிறார்கள். கடவுச்சீட்டில் எதையும் ஒட்ட மாட்டார்கள். விமான நிலையத்தில் உங்கள் கைபேசியில் இணையத்தைத் திறந்து, விசா வழங்கப்பட்டதற்கான பக்கத்தை அங்கேயே காட்ட வேண்டும். அச்செடுத்த தாளோ, திரையைப் படம் பிடித்து வைத்ததோ செல்லாது. ஆகவே இறங்கியதும் வேலை செய்யும் இணைய இணைப்பு கையில் இருக்க வேண்டும். சிம் கார்டு அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள், ஊரிலேயே ரோமிங்கோ இ-சிம்மோ போட்டுக்கொள்ளுங்கள். குடிவரவு, சுங்கப் படிவங்களையும் விமானம் ஏறும் முன் இணையத்திலேயே நிரப்பி வைத்தால் வரிசையில் நேரம் மிச்சமாகும்.

பயணத் தேதிக்கு ஆறு வாரம் முன்பு விண்ணப்பியுங்கள். விசாக் கட்டணம் வேறு, விசா விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் வேறு.

5. ரயில் பாஸ் வாங்க வேண்டாம்

ஜப்பான் போகிறேன் என்றதும் எல்லோரும் சொல்வது, நாடு முழுக்கச் செல்லும் ரயில் பாஸ் வாங்கு என்று. 2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸ் 50,000 யென்னுக்கு ஏறிவிட்டது. இந்தப் பயணத்தில் நீங்கள் ஏறப்போவது பெரும்பாலும் உள்ளூர் வண்டி. தோக்கியோவின் ஷின்ஜுகு நிலையத்திலிருந்து கோஃபுவுக்கு விரைவு வண்டியில் சுமார் 4,000 யென். சுவாவிலிருந்து ஷின்ஷிரோவரை உள்ளூர் வண்டியில் மூவாயிரம் சொச்சம். ஷின்ஷிரோ பக்கத்திலிருந்து தோயோஹாஷிக்கு ஐந்நூறு, அறுநூறு. கடைசியாக ஒசாகா வரை புல்லட் ரயில் எடுத்தாலும் மொத்தம் பாஸ் விலையில் பாதியைத் தொடாது.

அட்டை விஷயத்திலும் ஒரு சிக்கல் உண்டு. தோக்கியோவில் தட்டிவிட்டுப் போகும் சுய்கா அட்டையை நம்பி ஈடா பாதையில் ஏறாதீர்கள். ஒரு கம்பெனியின் பகுதியில் தட்டி ஏறி, வேறு கம்பெனியின் பகுதியில் இறங்க முடியாது, நடுவே அட்டைக் கருவியே இல்லாத சிறு நிலையங்கள் ஏராளம். காகிதச் சீட்டு வாங்குங்கள், சுவாவில் கவுண்டரிலேயே கடைசி நிலையம் வரை ஒரே சீட்டாகக் கொடுப்பார்கள். இறங்கும் நிலையத்தில் ஆள் இல்லையென்றால் சீட்டை ஓட்டுநரிடமோ நடத்துநரிடமோ கொடுக்க வேண்டும்.

அறைக்கு ஒரு இரவு ஏழாயிரத்திலிருந்து பத்தாயிரம் யென். நூறு யென் ஏறத்தாழ 55–60 ரூபாய் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கையில் ரொக்கம் இருக்கட்டும், கிராமத்துப் பேருந்திலும் சிறு கடைகளிலும் கார்டு எடுக்க மாட்டார்கள்.

6. கோஃபு

ஷின்ஜுகுவிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல். இந்த விரைவு வண்டிகளில் எல்லா இருக்கையும் முன்பதிவுதான். சீட்டு இல்லாமல் ஏறினால் வண்டிக்குள் கூடுதலாகக் கட்ட வேண்டும். செலவு குறைக்க வேண்டுமானால் நெடுஞ்சாலைப் பேருந்து இருக்கிறது, இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகமாகும்.

ரயிலடியை விட்டு இறங்கியதும் பக்கத்திலேயே உயரமான கற்சுவர்களோடு ஒரு கோட்டை தெரியும். அது ஷிங்கென் கோட்டை இல்லை! தகேடாக்கள் அழிந்த பிறகு மற்றவர்கள் கட்டியது. நான் முதல் முறை அங்கேதான் அரை நாள் சுற்றினேன். ஷிங்கெனுக்குக் கோபுரம் வைத்த கோட்டையே கிடையாது. அகழி சூழ்ந்த ஒரு மாளிகையில் இருந்தார். அந்த இடத்தில் இப்போது தகேடா ஆலயம் இருக்கிறது, 1919-இல் கட்டியது. நிலையத்தின் வடக்கு வாசலிலிருந்து பேருந்தில் பத்து நிமிடம், நடந்தால் நேராக ஏறும் சாலையில் அரை மணி நேரம். நடந்தே போங்கள். ஏற ஏறப் பின்னால் பள்ளம் முழுதும் விரியும், அதற்கும் பின்னால் மலைகள். படத்தில் எதிரிப் பிரபுக்களான நொபுனாகாவும் இயேயாசுவும் இந்த மனிதன் உயிரோடு இருக்கிறானா செத்தானா என்று ஏன் அத்தனை தவித்தார்கள் என்பது அங்கே நின்றால் தெரியும். மலைக்குள் இருப்பவனை வெளியிலிருந்து யாரும் எட்டிப் பார்த்துவிட முடியாது.

இரண்டாம் நாள் ஏரின்-ஜி கோயில். உள்ளூர் வண்டியில் என்சான் நிலையம், இருபது நிமிடம். அங்கிருந்து பேருந்து குறைவு, திரும்பும் நேரத்தை இறங்கும்போதே நிறுத்தத்தில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். இருவர் மூவராகப் போனால் டாக்சியே மேல். ஷிங்கென் சமாதி இங்கேதான். ‘காற்றைப் போல் வேகம், காட்டைப் போல் அமைதி, நெருப்பைப் போல் உக்கிரம், மலையைப் போல் அசையாமை’ என்று படத்தில் வரும் கொடி நினைவிருக்கிறதா? அந்த வாசகம் எழுதிய பழைய கொடியும் இங்குள்ள காட்சிக்கூடத்தில் இருக்கிறது.

சாப்பாடு: கோஃபுவின் ஹோத்தோ, பட்டையான மாவுத் துண்டுகளைப் பூசணிக்காயோடு மிசோ என்ற சோயா விழுதுக் குழம்பில் கொதிக்க வைத்தது. சைவக்காரர்கள் கவனியுங்கள், பார்க்கக் காய்கறி மட்டும் இருந்தாலும் குழம்புக்கு அடியில் கருவாட்டுச் சாறு இருக்கும். கேட்டுவிட்டு உட்காருங்கள்.

7. சுவாவும் ஈடா பாதையும்

கோஃபுவிலிருந்து கமி-சுவா நிலையம் விரைவு வண்டியில் முக்கால் மணி நேரத்துக்குள். படத்தில் ஷிங்கெனின் உடலைப் பெரிய சாடியில் வைத்து ஏரியில் இறக்குவார்களே, அந்த ஏரி. அதிகாலையில் போங்கள், பனிமூட்டம் இருக்கும். நிலையத்தின் நடைமேடையிலேயே வெந்நீரில் கால் நனைக்க ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். ஒரு சிறு துண்டு கையில் இருந்தால் போதும்.

பெட்டியை இங்கிருந்தே தோயோஹாஷி விடுதிக்கு அனுப்பிவிடுங்கள். தக்யூபின் என்று கேட்டால் விடுதி வரவேற்பிலேயே எடுத்துக்கொள்வார்கள், சுமார் 2,000 யென், அடுத்த நாளோ அதற்கு அடுத்த நாளோ போய்ச் சேரும். ஒரு முதுகுப்பை மட்டும் வைத்துக்கொண்டு ஈடா பாதையில் ஏறுங்கள். ஷின்ஷிரோ பக்கத்துச் சிறு நிலையங்களில் பெட்டி வைக்க லாக்கர் கிடையாது.

கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர், 94 நிலையம். முழுப் பாதையும் ஒரே வண்டியில் போக ஏழு மணி நேரம் ஆகும், அப்படி நேராகப் போகும் வண்டி ஒரு நாளைக்கு மிகச் சிலவே. முந்தின இரவே நேரம் பார்த்து வையுங்கள். நடுவில் ஒரு வண்டியைத் தவறவிட்டால் அடுத்தது இரண்டு மணி நேரம் கழித்தும் வரலாம். சாப்பாடு, தண்ணீர் வாங்கிக்கொண்டு ஏறுங்கள். வழியில் ஈடா ஊரிலிருந்து பேருந்தில் போனால் அச்சி கிராமம், 1573-இல் ஷிங்கென் ஊர் திரும்பும் வழியில் இறந்ததாகச் சொல்லும் கோமன்பா அங்கே இருக்கிறது. நேரம் இருந்தால் மட்டும்.

8. ஷின்ஷிரோ: நோடா, நகஷினோ, ஷிதராகஹாரா

இதற்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டவே வேண்டாம். இங்குள்ள இரண்டு அருங்காட்சியகத்துக்கும் அன்று விடுமுறை. முதல் முறை நான் பூட்டிய வாசலில் நின்றது ஒரு செவ்வாய்க்கிழமைதான்.

தோயோஹாஷியிலிருந்து காலை வண்டி. முதலில் நோடாஜோ நிலையம். ஷிங்கென் கடைசியாக முற்றுகையிட்ட கோட்டை. இரவில் கோட்டைக்குள்ளிருந்து வந்த புல்லாங்குழலைக் கேட்க வந்தபோது சுடப்பட்டார் என்று ஊரில் சொல்வதைத்தான் படம் எடுத்துக்கொண்டது. கட்டடம் எதுவும் இல்லை, மண்மேடும் மரங்களும்தான். ஒரு மணி நேரம் போதும்.

அடுத்து நகஷினோஜோ நிலையம். பத்து நிமிட நடையில் கோட்டை இருந்த இடம். இரண்டு ஆறு சேரும் முனையில் கட்டியிருக்கிறார்கள். இப்போது ரயில் தண்டவாளமே வளாகத்துக்குள் போகிறது.

இங்கேதான் கவனம். கோட்டை முற்றுகை நடந்தது நகஷினோவில், பெரிய போர் நடந்தது மேற்கே சில கிலோமீட்டர் தள்ளி, ஷிதராகஹாராவில். கோட்டையைப் பார்த்துவிட்டு இதுதான் போர்க்களம் என்று திரும்பிவிடுகிறவர்கள் உண்டு. மறுபடி ரயிலேறி மிகவா-தோகோ நிலையத்தில் இறங்குங்கள், மூன்று நிலையம்தான். ஷிதராகஹாரா அருங்காட்சியகம் அங்கிருந்து கால் மணி நேர நடை, கட்டணம் சில நூறு யென். திரித்துப்பாக்கிகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. ஒரு மணி நேரமாவது கொடுங்கள். ஒரு துப்பாக்கியின் அருகே குனிந்து பார்த்தேன். திரியைக் கவ்வும் பித்தளைக் கொக்கி என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை.

பிறகு வெளியே வந்து வயலுக்கு இறங்குங்கள். குதிரைகளைத் தடுக்க நொபுனாகா போட்ட மரவேலியை, தோல் சீவாத கட்டைகளைக் கயிற்றால் பிணைத்து, அதே இடத்தில் மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். படத்தின் சமவெளியை மனதில் வைத்துக்கொண்டு போனால் திடுக்கென்று இருக்கும். இந்தப் பக்கம் ஒரு மேடு, அந்தப் பக்கம் ஒரு மேடு, நடுவில் நெல்வயல். எதிர்ப் பக்கத்தில் ஒருவர் வயலில் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார், அவர் தொப்பியின் நிறம்கூட இங்கிருந்து தெரிந்தது. இவ்வளவு பக்கத்தில்தான் இரண்டு படையும் நின்றிருக்கின்றன. படத்தில் குரோசவா குதிரைகள் விழுவதைக் காட்டாமல் வேலிக்குப் பின்னால் சுடுகிறவர்களையும், பார்த்துக்கொண்டிருக்கிறவர்களின் முகங்களையும் மட்டுமே மாற்றி மாற்றிக் காட்டுவார். ஏன் அப்படி எடுத்தார் என்று எனக்குப் பல வருடமாக ஒரு கேள்வி இருந்தது. வேலிக்குப் பின்னால் நின்று பார்த்தபோது அது நின்றுபோனது. இங்கே நிற்பவன் வருகிறவன் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சுட்டிருக்க வேண்டும்.

வேலிக்கு முன்னால் ஓடுவது ரெங்கோ ஆறு. ஆறு என்று பெயர், நம் ஊர்க் கணக்கில் வாய்க்கால். படத்தின் கடைசியில் திருடனின் உடல் மிதந்து போகும் அகலமான நீரை இங்கே தேட வேண்டாம். கரையில் புல் வளர்ந்திருக்கும், காலணி நனையும், மாற்றுக் காலுறை ஒன்று பையில் இருக்கட்டும். வெயில் சாயும்போது வேலியின் நிழல் நீருக்குக் குறுக்கே விழுகிறது, அதற்காக நாலு மணிக்கு மேல் அங்கே இருக்கும்படி நாளைத் திட்டமிடுங்கள். திரும்பும் வண்டி ஒரு மணி நேரத்துக்கு ஒன்றுதான். வயலிலிருந்து நிலையத்துக்கு இருபத்தைந்து நிமிட நடை என்று வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.